நமது புகைப்பட, குறும்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் ஸ்டுடியோ அண்ணன்மார்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகள் இந்த ஆண்டும் குறையில்லாமல் நடந்தன. ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினத்தன்று பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் படக் கண்காட்சி வைத்தோம். ஓணம் விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சி, பொங்கலுக்குக் குறும்படத் திரையிடல். செயற்குழு தவறாமல் கூடியது.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, படம் எடுக்கவும் எடிட் செய்யவும் வாசகசாலையில் நாம் சொல்லிக்கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றி. "எல்லாந்தான் நெட்டுல சும்மா கெடைக்குதே, இதுக்கு எதுக்குங்க ஒரு வகுப்பு, கரண்டு செலவு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அவர்களுக்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

கிடைப்பது உண்மைதான். பூனா திரைப்படக் கல்லூரிக்கோ சென்னை தரமணிக்கோ போக வழியில்லாத நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வாய்ப்பு முன்பு இருந்ததில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி., தன் சினிமா வகுப்பின் விரிவுரைகளை ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகம், ஒரு புகைப்படத்தை எப்படிப் பார்ப்பது என்று கோர்செரா என்ற இணையப் பாடத்தளத்தில் சொல்லித்தருகிறது. லென்ஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), டெப்த் ஆஃப் ஃபீல்டு (எவ்வளவு ஆழம்வரை படம் தெளிவாக இருக்கும் என்பது) எல்லாம் படத்தோடு விளங்க வேண்டுமா, கேம்பிரிட்ஜ் இன் கலர் தளம் போதும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு. அதற்கான பாடப் புத்தகங்களையும் பயிற்சிக் காட்சிகளையும் அதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனமே காசு வாங்காமல் தருகிறது. இவ்வளவு இருந்தும், ஒரு பாடத்தைக் கடைசிவரை பார்த்துச் செய்துபார்த்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. எதை முதலில் படிப்பது என்று சொல்லவும், எடுத்ததைப் பார்த்துத் திருத்தவும் ஆள் வேண்டும். அதற்குத்தான் சங்கம்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். சித்தூர் அரசுக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கல்யாண மண்டபத்தில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்தார். படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடின. போன் கெட்டுவிட்டது என்றே நினைத்திருந்தார். போனில் கோளாறு இல்லை. அவர் பார்த்துப் படித்த அமெரிக்கப் பாடத்தில் நொடிக்கு 30 ஃபிரேம் (படம்), ஒவ்வொன்றுக்கும் 1/60 நொடி ஷட்டர் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 சுற்று, அவர்களுக்கு அது சரி. இங்கே 50 ஹெர்ட்ஸ். நம் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்குகிறது. 1/60 அதற்கு ஒத்துவராது, 1/50 என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக இரண்டு மினுக்கு அடங்கிவிடும். பிளாக்மேஜிக் கேமரா ஆப்பை இலவசமாக இறக்கி, 25 ஃபிரேம், 1/50 என்று வைத்து, வாசகசாலை டியூப்லைட்டுக்கு அடியிலேயே எடுத்துக் காட்டினோம். பட்டை போயே போய்விட்டது. அந்தத் தம்பியின் முகத்தை அன்று பார்த்தவர்கள் வகுப்பு எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

இந்த மாதிரி விஷயங்களைப் பாடத்துக்கு ஒரு பக்கமாகத் தமிழில் நோட்டில் எழுதிவருகிறேன். ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வெளியே பேட்டி எடுக்கும்போது மைக்குக்கு ரோம உறை போடுவது, காற்றுக்கு முதுகு காட்டிப் பேசுபவரை நிறுத்துவது, 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ரிசால்வ் திணறினால் ப்ராக்ஸி ஃபைல் (வீடியோவின் சிறிய நகல்) உண்டாக்கி வேலை செய்வது, எல்லாம் அதில் இருக்கிறது. உச்சிவெயிலில் பனைமரத்தடியில் முகம் கறுத்துப்போகாமல் எடுப்பதற்கும் ஒரு பக்கம் உண்டு. நகல் வேண்டியவர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

இனி மனக்குறை. வேலந்தாவளத்திலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். வாசகசாலைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள் வருவதில்லை. முகூர்த்த சீசனில் சங்கத்தின் கேமராவையும் டிரைபாடையும் வாங்கிப் போகிறவர்கள், வகுப்பன்று போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்பினால் வந்ததாக ஆகாது. இன்னொரு வருத்தம்: வேலை நிச்சயம் என்ற விளம்பரத்தை நம்பி, உறுப்பினர் ஒருவர் ஒரு கட்டண ஆன்லைன் வகுப்பில் பெரிய தொகையைக் கட்டி ஏமாந்தார். அங்கே சொல்லிக்கொடுத்த எல்லாமே நாம் ஏற்கனவே இலவசமாகப் பார்த்த பாடங்கள். கட்டுவதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு வார்த்தை கேளுங்கள்.

சந்தா விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. பாதிப்பேருக்கு மேல் பாக்கி. இரண்டு ஆண்டுகளாகக் கட்டாதவர்களும் உண்டு. பெயர்களைப் படிக்க எனக்கு விருப்பமில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். மொத்தத்தில் கடன் இல்லை, கையிருப்பும் பெரிதாக இல்லை. ஸ்பீக்கர் ரிப்பேரும் பிரிண்ட் செலவும்தான் கூடுதலாகிவிட்டன.

இடம் தந்த வாசகசாலை நிர்வாகத்துக்கும், புரொஜெக்டர் தந்து உதவிய ஸ்டுடியோ அண்ணனுக்கும், மகளிர் அணிச் சகோதரிகளுக்கும், கணக்குப் பார்த்த தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு யார் செயலாளர் என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் ஞாயிறு வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நம் பகுதிப் பனையேறிகளைப் பற்றி எட்டு நிமிடத்துக்குள் ஓடும் ஓர் ஆவணப்படம் எடுக்கப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அதற்கு ஒரு சட்டை மைக்கும் ஹார்ட் டிஸ்க்கும் தேவை. சும்மா கிடக்கும் லேப்டாப் யாரிடமாவது இருந்தால் சங்கத்துக்குத் தரலாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் பொருளாளரிடம் கட்டிவிட்டால், மைக் வாங்குவதைப் பற்றி அடுத்த செயற்குழுவிலேயே முடிவெடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்