பூங்காவை எதைக் கொண்டு அளப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நகரத்தில் ஒரு பூங்கா திறக்கப்படும்போது வெளிவரும் விவரம் பெரும்பாலும் இரண்டுதான்: பரப்பளவு எவ்வளவு, மரக்கன்றுகள் எத்தனை. அக்கம்பக்கத்தில் வாழ்பவர்களின் மனபாரத்தை அது குறைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கலாம், அளக்கவும் செய்யலாம். ஆனால் அந்த வேலை முதல் குழி தோண்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இதைச் செய்து காட்டினார்கள். பாழடைந்து கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் குப்பையை அகற்றி, நிலத்தைச் சமன்செய்து, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டுப் பராமரித்தார்கள். இரண்டாம் வகையில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மூன்றாம் வகையை அப்படியே விட்டார்கள். அருகில் வசித்தவர்களிடம் முன்னும் பின்னும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். 2018இல் முடிவு வெளியானது. எதுவும் செய்யாத மனைகளின் அருகில் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, பசுமையாக்கிய மனைகளின் அருகில் மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்கள் 41.5 விழுக்காடு குறைந்திருந்தார்கள். குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. புல், மரம், வேலி, பராமரிப்பு, இவ்வளவுதான் அங்கே செய்தது. ஒப்பிட ஒரு பகுதியை வைத்திருந்ததால்தான் அது வேலை செய்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அளப்பதற்கு எளிய கருவி, உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு. கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகம், அமைதி, நல்ல தூக்கம் எப்படி இருந்தன என்பது போன்ற கேள்விகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று கிடைக்கும். இதில் நடக்கும் முதல் தவறு, பூங்காவுக்குள் வந்தவர்களிடம் மட்டும் கேட்பது. நடக்கத் தெம்பும் நேரமும் உள்ளவர்கள்தான் அங்கே இருப்பார்கள். மதிப்பெண் இயல்பாகவே கூடுதலாக வரும். சுற்றியுள்ள வீடுகளில் கேட்க வேண்டும். வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டும். முதல் முறை கடும் வெயிலிலும் அடுத்த முறை மழைக்குப் பிறகும் கேட்டால் பருவத்தின் வேறுபாட்டைப் பூங்காவின் பலன் என்று எடுத்துக்கொள்வோம். அங்கே எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறார்கள் என்ற கேள்வியும் அவசியம். பூங்கா வந்தபின் வாடகை ஏறிப் பழைய குடும்பங்கள் வெளியேறினால், கூடிய மதிப்பெண் புதிதாக வந்த வசதியானவர்களுடையதாக இருக்கும்.

செயற்கைக்கோள் படத்தில் பச்சையை அளப்பது பயனுள்ளதுதான். ஆனால் பூட்டிய பூங்காவும் திறந்த பூங்காவும் அதில் ஒன்றுபோலவே தெரியும். தூரக் கணக்கும் அப்படியே. வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர் பசுமை வெளி என்ற அளவுகோல் நேர்க்கோட்டுத் தூரத்தில் சொல்லப்படுவது. வாசல் மதிலின் மறுபக்கம் இருந்தால் அதே 300 மீட்டர் ஒரு கிலோமீட்டர் நடையாகிவிடும். வாசலிலிருந்து, மக்கள் நடக்கும் வழியில், சாலையைக் கடக்க வேண்டிய இடங்களையும் சேர்த்து அளக்க வேண்டும்.

வடிவமைப்பில் நாங்கள் அதிகம் வலியுறுத்துவது இருக்கைகளை. முதுகுப் பக்கம் திறந்தவெளியாக இருக்கும் பெஞ்சில் யாரும் நெடுநேரம் உட்காருவதில்லை. பின்னால் புதரோ தாழ்ந்த சுவரோ, முன்னால் பார்வைக்குத் திறந்த வெளி என்று அமைய வேண்டும். உயரம் 45 செ.மீ. அளவில், சாய்மானமும் கைப்பிடியும் வேண்டும். முதியவர்கள் கைப்பிடியை ஊன்றித்தான் எழுவார்கள். பிற்பகல் நிழல் மரத்தின் கிழக்கே விழும் என்பதால் பெஞ்சின் இடமும் அதுவே.

ஓயாத கவனத்தால் களைத்த மனம், வலிந்து இழுக்காத காட்சிகளில்தான் ஆறுகிறது என்பது ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் ஆகிய உளவியலாளர்களின் விளக்கம். அசையும் இலை, ஓடும் நீர், பறவை போதும். ஒலிபெருக்கியும் மின்னும் வண்ண விளக்கும் அந்த ஓய்வைப் பறிக்கின்றன. அவற்றுக்கு இங்கே இடம் கூடாது.

பாதையோரப் புதர்கள் முழங்கால் அளவைத் தாண்டக் கூடாது. கிளைகள் தலைக்கு மேல் இருக்க வேண்டும். பார்வை மறைந்தால் முதலில் வராமல் போவது பெண்கள். அதற்காக எல்லாப் புதரையும் வெட்டினால் பறவைகள் போய்விடும். அடர்த்தியைப் பாதையிலிருந்து தள்ளி வையுங்கள்.

கன்றுகள் காய்வதற்குக் கட்டுமான வாகனங்கள் மண்ணை இறுக்குவதும் ஒரு முக்கியக் காரணம். வேருக்குக் காற்றும் நீரும் போகாது. வேலை தொடங்கும் முன்பே நடவு இடத்துக்கு வேலியிட வேண்டும். அடிமரம் வரை சிமென்ட் பூசுவதற்குப் பதில், தண்டைத் தொடாமல் 5 முதல் 10 செ.மீ. உயரத்துக்கு மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, மரச்சீவல் போன்றவை) போட வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டு நீர் ஊற்றும் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். காய்ந்துபோன பூங்கா, இந்த இடத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற எண்ணத்தைத்தான் தினமும் தரும்.

அதே ஒப்பந்தத்தில் மூன்று அளவீடுகளும் இடம்பெற வேண்டும்: பணிக்கு முன், திறந்த ஓராண்டில், மூன்றாம் ஆண்டில், மூன்றும் ஒரே மாதத்தில். ஓராண்டில் தெரிவதில் புதுமையின் ஈர்ப்பும் கலந்திருக்கும். மரங்களும் அதற்குள் நிழல் தந்திருக்காது.

இப்படிக்கு,
பசுமை வெளி வடிவமைப்பிலும் மனநலப் பணியிலும் உள்ள வாசகர்கள்