கள்ளிக்கு நம்ம ஊர் வெயில் ஒத்துவராது என்பது சரியில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மேலப்பாளையத்துச் சகோதரி ஒருவர், ஆசைப்பட்டு வாங்கிய மூன்று கள்ளிச்செடியும் மூணு மாசத்துக்குள் அழுகிப் போய்விட்டது, என்ன காரணம் என்று கேட்டிருந்தார். 'திருநெல்வேலி வெயிலுக்கு இந்தச் செடிகள் ஒத்துவராது' என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் மொட்டை மாடியிலும் தார்சாவிலுமாக (வராந்தாவைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) பதினோரு வருஷமாகக் கள்ளி வளர்க்கிறேன், அதில் பாதிக்கு மேல் நானே விதை போட்டும் துண்டு நட்டும் உண்டாக்கியவை. கோளாறு நம்ம வெயிலில் இல்லை, அந்தச் செடி நம்ம கைக்கு வந்து சேருகிற விதத்தில் இருக்கிறது.

நானும் முதலில் காசு கொடுத்து ஏமாந்தவள்தான். ஒரு கண்காட்சியில் உருண்டையாக ஒரு கள்ளி, உச்சியில் மஞ்சள் பூ. இரண்டு வாரம் ஆகியும் பூ வாடவில்லையே என்று தொட்டுப் பார்த்தால், காய்ந்த பூ ஒன்றைச் சுடுபசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பிய்த்தபோது முள்ளும் தோலும் சேர்ந்து வந்தது, அந்தப் புண்ணிலிருந்துதான் அது அழுக ஆரம்பித்தது. மேலே பரப்பியிருந்த வெள்ளைக் கூழாங்கல்லும் பசையில் ஒட்டின ஒரே பாளம், ஈரம் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்கக்கூட வழியில்லை. அதைப் பெயர்த்துத் தட்டினால் உள்ளே மண்ணே கிடையாது, முழுக்கத் தேங்காய் நார்த்தூள். நார்த்தூள் ஒருதரம் நனைந்தால் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கள்ளி வேருக்கு அது எமன். சிவப்புக் கொண்டையும் மஞ்சள் கொண்டையுமாக விற்கிறார்களே, அது ஒரு செடியே இல்லை, இரண்டு. மேலே இருப்பதற்குப் பச்சையம் கிடையாது, தனக்குச் சாப்பாடு தானே செய்துகொள்ளத் தெரியாது, கீழே இருக்கிற முப்பட்டைத் தண்டு (டிராகன் பழத்துக் கள்ளி இனம்) ஊட்டுகிற வரைக்கும்தான் அதற்கு உயிர். அடித்தண்டு அழுகினால் கொண்டையும் போச்சு, அதை மட்டும் வெட்டி நட்டாலும் பிழைக்காது. இதையெல்லாம் விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

அப்புறம் இன்னொன்று. நிழல்வலைக்கு அடியில் சொகுசாக வளர்ந்த செடியைச் சித்திரை மாசத்தில் வாங்கிவந்து அன்றைக்கே மொட்டை மாடியில் வைத்தால் தோல் வெளுத்து வெந்துதான் போகும். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று பழக்க வேண்டும். தினமும் ஒரு ஸ்பூன் தண்ணீர் என்று சிலர் சொல்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஊற்றினால் சட்டி ஓட்டை வழியாக வடிகிற அளவு ஊற்றுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி. அதுவும் சாயங்காலத்தில். இந்தச் செடிகள் பகலில் தோல் துளைகளை மூடிக்கொண்டு ராத்திரிதான் திறக்கும். உச்சிவெயிலில் தண்ணீர் ஊற்றினால் சூடேறின சட்டிக்குள் வேர் அவிந்துவிடும்.

நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஆச்சி ஊரில் வயக்காட்டுக்கு வேலியே சதுரக்கள்ளிதான். யாரும் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. அது அமெரிக்கக் கள்ளிகளின் குடும்பம் இல்லை, ஒடித்தால் பால் வருகிற வேறு குடும்பம். நம்ம சப்பாத்திக்கள்ளிதான் கடல் தாண்டி அங்கிருந்து வந்து இந்தப் பக்கமெல்லாம் பரவினது, பரவினதை அடக்க 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு செதில்பூச்சியையே கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. ஒத்துவராத செடியா அப்படிப் பரவும்?

சரி, துண்டு நடுகிற விஷயம். 2023 டிசம்பர் 17, 18 மழையை நெல்லையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மாடிக்கு ஏறிப் பார்க்க முடிந்ததே மூணாம் நாள்தான். நார்த்தூளில் அப்படியே விட்டிருந்த பிளாஸ்டிக் சட்டிகள் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டன. காருகுறிச்சி மண்சட்டியில் செங்கல் ஜல்லி கலந்து வைத்திருந்தவற்றில் சேதம் கொஞ்சம்தான். என் இடுப்பு உயரத்துக்கு நின்ற தூண் கள்ளி ஒன்று மட்டும் அடியில் பழுத்த பூசணி மாதிரி குழைந்திருந்தது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, குழைந்த இடத்துக்கு மேலே வெட்டினேன். வெட்டின முகத்தில் நடுவே ஒரு வளையம் தெரியும், அதில் காப்பிக்கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள். அழுகல் அது வழியாகத்தான் ஏறும், வெளித்தோல் பச்சையாக இருந்தாலும் நம்பக் கூடாது. இரண்டு விரல் மேலே மறுபடி வெட்டு, மறுபடி கத்தியைத் துடை, அப்போதும் புள்ளி. இப்படியே ஏறி ஏறி, வளையம் சுத்தமாக வெளிறித் தெரிந்தபோது கையில் மிஞ்சியது ஒரு அடி உயரம். அதைத் தார்சா மூலையில் நிமிர்த்தி வைத்தேன், படுக்கப்போட்டால் தண்டு வளைந்துகொள்ளும். ஈரக்காற்று என்பதால் பன்னிரண்டு நாள் விட்டேன், வெட்டு முகம் முறுகின தோசை ஓரம் மாதிரி காய்ந்து இறுகியது. காய்ந்த ஜல்லியின் மேல் வைத்துக் குச்சி முட்டுக் கொடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் காத்திருந்தேன். மூணு வாரத்தில் வெள்ளை வேர்முனை எட்டிப் பார்த்தது, அதற்கப்புறம்தான் தண்ணீர். இப்போது என் தோள் உயரம், போன வைகாசியில் ராத்திரியில் பூத்தது.

எந்தக் கள்ளித் துண்டுக்கும் இதேதான் முறை. வெட்டின அன்றைக்கே மண்ணில் சொருகாதீர்கள், வெயில் காலத்தில் ஒரு வாரமாவது நிழலில் காயட்டும். பால் வருகிற வகை என்றால் வெட்டின முகத்தைத் தண்ணீரில் கழுவிப் பால் வடிவது நின்றபிறகு காயப்போடுங்கள், கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது, குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ரணகள்ளிக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், கட்டிப்போட்டால் குட்டி போடும் என்று பெயரே இருக்கிறது, ஒரு இலையை மண்மேல் போட்டுவைத்தால் ஓரமெல்லாம் கன்று.

ஆனால் விதைதான் எனக்கு உயிர். மாமிலேரியா என்று ஒரு வகை, குட்டி உருண்டைகளாகக் கூட்டம் கூடி வளரும், பூத்து முடிந்து கொஞ்ச நாளில் உடம்பைச் சுற்றி ஊசிமிளகாய் மாதிரி சிவப்புப் பழம் நீட்டும். அதைப் பிதுக்கினால் கசகசாவை விடச் சின்னதாகக் கறுப்பு விதை. சதையைக் கழுவிவிட்டு நிழலில் காயவைக்க வேண்டும். சலித்த செங்கல் பொடிஜல்லி இரண்டு பங்கு, சலித்த இலைமட்கு ஒரு பங்கு, அதன்மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி ஆறவிட்டால் பூஞ்சை செத்துப்போகும். பிரியாணி பார்சல் வருகிற மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதே, அதற்கு அடியில் நாலு ஓட்டை போட்டால் போதும். விதையைத் தூவி மண் போட்டு மூடாமல் விடுங்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டு, மூடியைப் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். 25 முதல் 30 டிகிரி அதற்குப் பிடித்த சூடு, அதனால் நம்ம ஊரில் தை கடைசியும் மாசியும் நல்ல காலம். அக்கினி நட்சத்திரத்தில் போட்டால் டப்பாவுக்குள் வெந்துவிடும்.

ஒரு வாரம் பத்து நாளில் மூடியில் வியர்த்திருக்கிற நீர்த்துளி வழியாகப் பாருங்கள், பச்சைப் பாசிமணி சிதறின மாதிரி இருக்கும். ஒவ்வொரு மணியின் தலையிலும் இரண்டு குட்டி மேடு, அதுதான் விதையிலை. ஒரு மாசம் கழித்து நடுவிலிருந்து முதல் முள் வரும், குத்தாது, பூனைக்குட்டி மீசை மாதிரி மெத்தென்று இருக்கும். என் பேத்தி பூதக்கண்ணாடி வைத்து மணிக்கணக்காகப் பார்ப்பாள். இரண்டு மூணு மாசம் மூடியிலேயே இருக்கட்டும், அப்புறம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கலாம். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்து மண்ணோடு எடுத்துவிடுங்கள், தாமதித்தால் ஒரு ராத்திரியில் டப்பா முழுக்கப் பரவிவிடும், எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. முதல் வருஷ முடிவில் பட்டாணி அளவுதான் இருக்கும். பூ பார்க்க மூணு நாலு வருஷம். அந்தக் கன்று முளைத்ததிலிருந்தே நம்ம காற்றிலும் நம்ம சூட்டிலும் வளர்ந்தது, ஆடிக் காற்றையும் ஐப்பசி மழையையும் பார்த்தது. பிழைத்துக்கொள்ளும்.

பாலைவன ரோஜா என்கிறார்களே, அந்த அடீனியமும் அப்படித்தான். விதையில் வந்தால்தான் அடி பருத்து யானைக்கால் மாதிரி உட்காரும், தண்டு நட்டால் அந்த அழகு அமையாது. காய் கொம்பு மாதிரி ஜோடியாக இருக்கும், வெடித்தால் பஞ்சோடு பறந்துவிடும், பழுக்கிற சமயம் நூல் சுற்றி வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கள்ளிமுளையான் என்கிற சதைத்தண்டுச் செடியையும் சதுரக்கள்ளிக் கன்றையும் பொத்தைகளிலிருந்து (சின்னப் பாறைக் குன்றுகள்) வேரோடு பிடுங்கி விற்பதைச் சில வருஷமாகப் பார்க்கிறேன். களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஒரு செடியைக் கூடத் தொடக் கூடாது என்பது சட்டம், ஆனால் சட்டம் காக்காத சின்னச் சின்னப் பொத்தைகள்தான் மொட்டையாகிக்கொண்டு வருகின்றன. கள்ளிமுளையானுக்கு விரல் நீளத் துண்டு ஒன்று போதும், வேர் பிடித்துக்கொள்ளும். வளர்க்கிற வீட்டில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த மாசிக்குள் உங்கள் இணைப்பில் விதை போடுவது பற்றி அரைப் பக்கமாவது எழுதுங்கள். மேலப்பாளையத்துச் சகோதரி பழைய சட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், நார்த்தூளைக் கொட்டிக் கழுவி வைத்துக்கொள்ளட்டும். கடிதத்தோடு பத்துப் பொட்டலம் மாமிலேரியா விதை வைத்திருக்கிறேன், இந்த வருஷத்துக் காய். ஒன்று அவருக்கு, மிச்சம் கேட்கிற வாசகர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை