அழைத்தால் வரும் பகிர்வு வேன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பள்ளி வேன்களும் சுற்றுலா வேன்களும் ஓட்டிவரும் நம் நிறுவனம், வரும் தை முதல் வாரத்திலிருந்து கிழக்குத் தாம்பரம் ரயில் நிலையத்துக்கும் இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென் பகுதிகளுக்கும் இடையே பகிர்வு வேன் சேவையைத் தொடங்குகிறது. இதற்குக் குறித்த வழித்தடமோ கால அட்டவணையோ கிடையாது. நீங்கள் பதிவு செய்தால் வேன் வரும். அதே திசையில் செல்லும் வேறு சிலரும் உடன் வருவார்கள். பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் பழகிய நமக்கு இது புதிது என்பதால், நடைமுறையை விளக்கமாகவே தெரிவிக்கிறோம்.

தாம்பரம் – வேளச்சேரி சாலையில் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் குறைவில்லை. அந்தச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் நகர்களில்தான் சிரமம். இத்தகைய உட்புறச் சாலைகளுக்காகவே மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2013-இல் சிற்றுந்துகளை அறிமுகப்படுத்தியது. அவை ஓடும் தடங்களில் இன்றும் பெரிய உதவி. ஆயினும் பகல் பதினொரு மணிக்கு மருத்துவரைப் பார்க்கப் போகும் பெரியவருக்காகவும், இரவு பத்து மணிக்கு மின்சார ரயிலிலிருந்து இறங்கும் பெண்ணுக்காகவும் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்க எவராலும் இயலாது. ஆள் இருக்கும் தெருவுக்கு மட்டும், ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் வண்டி போனால் அது இயலும் என்பதே எங்கள் நம்பிக்கை.

புறப்பட விரும்பும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பாவது தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ தெரிவியுங்கள். எங்கிருந்து, எங்கே, எத்தனை பேர் என்பதோடு, ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் எந்த ரயில் என்பதையும் சொல்லுங்கள். வண்டி எண்ணும், ஏறும் இடமும், வண்டி வரக்கூடிய பதினைந்து நிமிட இடைவெளியும், கட்டணமும் உங்களுக்குச் செய்தியாக வரும். வழியில் எத்தனை பேர் ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கட்டணம் மாறாது.

ஏறும் இடம் பெரும்பாலும் உங்கள் வீட்டு வாசலாக இராது. பால் பூத், ரேஷன் கடை, டிரான்ஸ்ஃபார்மர் போன்ற தெருமுனை அடையாளமாக இருக்கும். இதில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம் என்பதை உணர்கிறோம். நம் நகர்களில் பல தெருக்கள் முட்டுச்சந்துகள். இருபுறமும் கார்கள் நிற்கும் சந்துக்குள் வேன் நுழைந்து, பின்னாலேயே வந்து திரும்புவதற்குள் நான்கைந்து நிமிடம் போய்விடும்; அந்த நிமிடங்கள் ஏற்கெனவே உள்ளே அமர்ந்து ரயிலை நினைத்துக்கொண்டிருப்பவர்களுடையவை. முதியோர், கர்ப்பிணிகள், நடக்க இயலாதோர் ஆகியோருக்கு மட்டும் வாசலுக்கே வருவோம். பதிவின்போது அதைச் சொன்னால் போதும், சான்று எதுவும் கேட்க மாட்டோம். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் தெருக்களுக்கு ஏறும் இடம் அன்றன்றைக்கு மாறும்.

வேனில் இடம் காலியாக இருந்தாலும் வழியில் கை காட்டினால் ஓட்டுநர் நிறுத்த மாட்டார். தயவுசெய்து இதை அவருடைய அலட்சியமாகக் கருத வேண்டாம். எங்கள் வண்டிகள், ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் பன்னிரண்டு பேர் வரை ஏற்றக்கூடிய மேக்ஸி கேப் வகையைச் சேர்ந்தவை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இவற்றை ஒப்பந்த ஊர்திகளாகக் கொள்கிறது. முன்கூட்டி ஒப்பந்தத்தில் சேராத பயணியை இடைவழியில் ஏற்ற இவற்றுக்கு உரிமை இல்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்றுவது பேருந்துக்குரிய பெர்மிட்டின் கீழ் வருவது. பெர்மிட்டை மீறி ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுத் தொகை பெறுவதில் சிக்கல் எழும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் யாருக்காகவும் விதியைத் தளர்த்த மாட்டோம்.

சேவையை மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் வரை நீட்டிக்கும்படி ஏற்கெனவே பலர் கேட்டிருக்கிறீர்கள். பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் 2012-இல் குட்சுபிளஸ் என்ற பெயரில் இதே வகைச் சேவை தொடங்கப்பட்டது. ஒன்பது இருக்கை வேன்கள் பதினைந்து ஓடின, பயணிகளும் விரும்பினார்கள். ஆனாலும் ஒவ்வொரு பயணத்துக்கும் பெருமளவு பொதுப்பணம் தேவைப்பட்டது. விரிவாக்கத்துக்கு நிதி ஒதுக்க முடியாமல் 2015 முடிவில் அது நிறுத்தப்பட்டது. மானியம் எதுவும் இல்லாத நம்மைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு இது இன்னும் பெரிய எச்சரிக்கை. குறைந்த வண்டிகளை அகன்ற பரப்பில் ஓடவிட்டால், ஒரே திசையில் செல்வோர் ஒரே நேரத்தில் அகப்பட மாட்டார்கள். வேன் பாதி காலியாக ஓடும், காத்திருப்பும் நீளும். எனவே இப்பகுதியில் வேன்கள் நிறைந்து ஓடத் தொடங்கிய பிறகே எல்லையை விரிப்போம்.

தாமதம் குறித்தும் ஒரு வாக்குறுதி. இடையில் புதிய பதிவு வந்தால் வண்டி சற்றுச் சுற்றிப்போகும். அந்தச் சுற்று பத்து நிமிடத்தைத் தாண்டுமானால் அந்தப் பதிவை அடுத்த வண்டிக்கு மாற்றிவிடுவோம். சொன்ன இடைவெளிக்குள் வண்டி வராவிட்டால் கட்டணம் வாங்க மாட்டோம். அதேபோல், தெருமுனையில் வேன் இரண்டு நிமிடம் மட்டுமே காத்திருக்கும். வர இயலாதபோது முன்னதாக ஒரு செய்தி அனுப்பினால், அந்த இருக்கை வேறொருவருக்குக் கிடைக்கும்.

சேவை காலை 5.30 முதல் இரவு 10.30 வரை, ஞாயிறு உட்பட எல்லா நாளும் உண்டு. பணமாகவோ யுபிஐ மூலமாகவோ செலுத்தலாம். பள்ளி வேன்களை இதற்குப் பயன்படுத்தவில்லை. அவற்றின் நேரத்திலும் ஓட்டுநர்களிலும் மாற்றம் இல்லை என்பதைப் பெற்றோருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம். உங்கள் தெருவுக்கு எந்த முனை வசதி என்பதை இப்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினால், தொடங்குவதற்கு முன் பட்டியலைத் திருத்திவிடுவோம்.

இப்படிக்கு,
நிர்வாகத்தார்