ஆடியில் முடிக்க வேண்டிய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி பிறந்தால் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க யாரும் துணிவதில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வங்கிக்கு ஓடுகிறார்கள். கடன் உண்டா இல்லையா என்று தெரிவதற்குள் ஒப்பந்தத்தின் 3 மாதக் கெடுவில் பாதி கரைந்துவிடுகிறது.

கைக்காசுக் கணக்கிலேயே பலர் தவறுகிறார்கள். 50 லட்சத்துக்குப் பழைய ஃபிளாட் என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் 80 சதவீதம் வரைதான்: 40 லட்சம். மீதி 10 லட்சம் போதாது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்றால் 4.5 லட்சம், இது கடனில் சேராது. புரோக்கர் கமிஷன், வக்கீல் செலவு சேர்ந்தால் 15 லட்சம் தாண்டும். "பத்திரத்தில் 38 லட்சம் போட்டுக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, வங்கி அந்த 38-க்குத்தான் 80 சதவீதம் பார்க்கும். 30.40 லட்சம் போக மீதி 19.60 லட்சத்தை நீங்கள்தான் புரட்ட வேண்டும்.

வடசென்னையில் பலருடைய முன்பணம் போகியத்தில் (மொத்தத் தொகை கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பது) முடங்கிக் கிடக்கிறது. அடுத்த போகியக்காரர் வந்தால்தான் வீட்டுக்காரர் பணத்தைத் திருப்புவார். தை மாதமே சொல்லி, தேதியை எழுதி வாங்கிவிடுங்கள். இடைவெளியைச் சமாளிக்க பர்சனல் லோன் எடுக்கவே கூடாது. அதற்கு மாதம் 10,000 ரூபாய் தவணை ஓடினால், 8.5 சதவீத வட்டியில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய 20 வருட வீட்டுக் கடன் சுமார் 11.5 லட்சம் குறைந்துவிடும்.

ஆடி மாதம் ஆவணம் பார்க்க. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீடுகள் பலவற்றில் பட்டா இன்னும் தாத்தா பெயரில் நிற்கும். மகன்கள் கையெழுத்துப் போட வருவார்கள். கட்டிக்கொடுத்த அத்தைகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாரிசுச் சான்றில் உள்ள ஒரு பெயர் விட்டுப்போனாலும் வங்கி வக்கீல் ஃபைலை மூடிவிடுவார். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம் மூன்றின் நகலும் அட்வான்சுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். வரைபடத்தில் 2 மாடி, நேரில் 3 மாடி என்றால், மேல் வீடு ஏன் மலிவு என்று கேட்கவே வேண்டாம். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது 2021-ல். இன்னும் அதைக் காட்டிப் பேசும் 'அடுத்த மாசம் ரேட் ஏறிடும்' என்ற பேச்சுக்காக இதில் எதையும் விடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம்: ஆவணக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதும் 15 நாளில் திரும்ப வேண்டும்.

அடுத்தது வட்டி. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதம் ஆனது. 30 லட்சம் கடனுக்கு 7 சதவீதத்தில் 20 வருடத் தவணை சுமார் 23,260 ரூபாய். அதே கடன் 9.5 சதவீதத்துக்குப் போனால் மாத வட்டி மட்டுமே 23,750. பழைய தவணை வட்டிக்கே காணாது. கடனை அடைக்கத் தவணை கிட்டத்தட்ட 28,000 ஆக வேண்டும்.

போகிய வீட்டில் இருப்பவர்களுக்கு மாத வாடகை கிடையாது என்பதால் இது முழுக்கப் புதுச் செலவு. தையிலிருந்து ஆடி வரை மாதம் 28,000-ஐத் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். நடுவில் அதில் கைவைக்க நேர்ந்தால் 50 லட்சம் வீட்டை விட்டுவிட்டு விலை குறைந்த வீடாகத் தேடலாம்.

- ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81