கிளிப்பை வெட்ட வேண்டாம் என்று வசந்தாவுக்கு

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும், கவிதா எடுத்த படங்களும் நேற்று வந்து சேர்ந்தன. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே நாங்கள் இருவரும் நலம்.

ஹார்ட்ஃபர்டில் ஒரு பழம்பொருள் கடையில் கவிதா பார்த்துவைத்திருக்கும், டிரைஃபாரி என்ற அமெரிக்க நகை நிறுவனத்தின் பழைய காதணியை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கினால், அடுத்த விடுமுறைக்கு மதுரை வரும்போது தெற்காவணி மூல வீதியில் நம் ஆசாரியிடம் கொடுத்து, துளையில்லாமலே காது மடலைக் கவ்விப் பிடிக்கும்படி பின்னால் இருக்கும் கிளிப்பை நீக்கிவிட்டுத் தண்டும் திருகும் வைத்துக்கொள்ளலாமா என்பது உன் இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாக வாங்கலாம் என்பது. இரண்டாவதற்கு என் பதில், தயவுசெய்து வேண்டாம். இந்தக் காதணிகளைப் பல வருடங்களாகத் தேடித்தேடிச் சேர்த்து வருகிறவள் என்பதால், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் ஆசாரியின் பட்டறையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆசாரியின் கைத்திறனில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அவர் பழகியது தங்கமும் வெள்ளியும். 1940, 50களின் அமெரிக்க அலங்கார நகைகள், அதாவது தங்கமும் வைரமும் இல்லாமல் மலிவான உலோகத்திலும் கண்ணாடிக் கல்லிலும் செய்தவை, பல, வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்டு ஈயமும் ஆன்டிமனியும் கலந்து வார்த்த கலப்பு உலோகத்தில் செய்யப்பட்டவை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்; வெள்ளிப் பற்றாசு பிடிக்க வேண்டுமானால் 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஊதுகுழலின் தீ பட்ட நொடியிலேயே அந்த நகை கூழாகிவிடும். பித்தளையில் செய்ததாக இருந்தால் உருகாது என்றாலும், மேலே இருக்கும் முலாம் கருகிப்போகும். கற்களின் அடியில் இருக்கும் வெள்ளிப் பூச்சும் போய்விடும். கண்ணாடிக் கல்லுக்கு ஒளி தருவதே அந்தப் பூச்சுதான். அது போய்விட்டால் கல் சாம்பல் நிறமாகி, செத்த கண்ணைப் போலாகிவிடும். தண்ணீரில் ஊறவைத்தாலே அந்தப் பூச்சு கெட்டுவிடும் என்னும்போது தீயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது. அந்தக் காதணி எப்போது, எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான சாட்சி முழுவதும் அதன் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. கிளிப்பை வெட்டினால் பாதிச் சாட்சியை வெட்டி எறிந்ததாகிவிடும்.

நம் வீடுகளில் குழந்தைக்கு ஒரு வயது நிரம்புவதற்குள் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிடுகிறோம். அதனால் நகை என்றால் துளைக்குள் நுழையும் தண்டு உடையதாகத்தான் இருக்கும் என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்காவில் ஏறக்குறைய 1920களிலிருந்து 1960கள் வரை நடுத்தரக் குடும்பத்துப் பெண்களில் பெரும்பாலோர் காது குத்திக்கொள்ளவில்லை. அது புலம்பெயர்ந்து வந்தவர்களின் பழக்கம், நாகரிகக் குறைவு என்ற எண்ணம் அப்போது இருந்தது. ஆகவே காதில் துளையில்லாமலே நகை நிற்கும்படியான உத்திகளைத் தொழிலாளர்கள் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. முதலில் வந்தது திருகு: வளைந்த சிறு கம்பியின் முனையில் ஒரு வட்டத் தகடு, அதைத் திருகத் திருகக் காது மடல் அழுந்தும். 1930களில் கிளிப் வந்தது: கீலில் ஆடும் ஒரு துடுப்பு, உள்ளே வில்லின் விசை. சில கிளிப்புகளின் உட்புறத்தில் 1967965 என்ற எண் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். அது 1934இல் கொடுக்கப்பட்ட காப்புரிமையின் எண். அந்த எண்ணைப் பார்த்ததும் 1934இல் செய்த காதணி என்று விற்பவர்கள் சிலர் எழுதிவிடுகிறார்கள். அதைக் கவிதா நம்ப வேண்டாம். அதற்கு முந்தையதல்ல என்பது மட்டுமே அதிலிருந்து உறுதியாகும். அந்தக் கிளிப்பைப் பின்னால் பல வருடங்கள் பல நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்தின.

1960களில் இளம்பெண்கள் மறுபடியும் காது குத்திக்கொள்ளத் தொடங்கியபின் தண்டு வைத்த காதணிகள் திரும்பி வந்தன. எனவே ஒரு காதணியில் திருகா, கிளிப்பா, தண்டா என்று பார்த்தாலே அதன் காலத்தைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடுகிறது. தண்டு வைத்த ஒன்றை 1952 என்று விற்றால், யாரோ கிளிப்பை வெட்டி மாற்றியிருக்கிறார்கள் என்றே நான் முதலில் நினைப்பேன்.

இனிக் கவிதா பார்த்த காதணிக்கு வருகிறேன். நேபிள்ஸிலிருந்து குடிவந்த குஸ்தாவோ டிரைஃபாரி தொடங்கிய நிறுவனம் அது. அதற்கு அழியாத பெயர் தேடித்தந்தவர் ஆல்ஃபிரட் ஃபிலிப் என்ற வடிவமைப்பாளர். உண்மையான வைர நகைகளை வரைந்து பழகிய அவர் 1930இல் அங்கே சேர்ந்து 1968 வரை இருந்தார். கண்ணாடிக் கல்லையும் அவர் வைரத்துக்குரிய மரியாதையோடு பதிக்கவைத்தார் என்பதுதான் டிரைஃபாரியின் பெருமை. 1953இல் அதிபர் ஐசனோவரின் பதவியேற்பு நடன விருந்துக்கு அவருடைய மனைவி மேமி அணிந்து சென்றது டிரைஃபாரி செய்த செயற்கை முத்து நகைகளைத்தான். நாட்டின் முதல் பெண்மணியே அணிந்துவிட்டார் என்றபின், போலிக் கல் நகை அணிவதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று மற்ற பெண்களும் துணிந்தார்கள்.

கவிதாவின் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். டிரைஃபாரி என்ற பெயருக்கு மேலே சிறிய மகுடமும், பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் பதிப்புரிமைக் குறியும் தெரிகின்றன. அந்த வட்டம்தான் நமக்கு வேண்டிய செய்தி. தன் வடிவத்தை நகலெடுத்துவிட்டார்கள் என்று டிரைஃபாரி தொடுத்த வழக்கில், அலங்கார நகையின் வடிவமும் கலைப்படைப்புதான், அதற்கும் பதிப்புரிமை உண்டு என்று நியூயார்க்கில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றம் 1955இல் தீர்ப்பளித்தது. அதன்பிறகே நகைகளின் முதுகில் அந்தக் குறி வழக்கமாக இடம்பெற்றது. ஆகவே அந்தக் காதணி 1955க்குப் பிந்தையது. கடைக்காரர் சீட்டில் எழுதியிருக்கும் 1940கள் என்பது சரியல்ல. இதைக் கவிதா பணிவாக எடுத்துச் சொன்னால் விலையிலும் கொஞ்சம் குறையலாம். கல் அதிகம் இல்லாத, பொன்முலாம் பூசிய டிரைஃபாரி காதணிகள் இங்கே பொதுவாக 20 முதல் 50 டாலருக்குள் கிடைக்கின்றன.

1940களைச் சேர்ந்தது எப்படி இருக்கும் என்று அவள் கேட்டால், என்னிடம் இருக்கும், கோரோ என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் காதணியைக் காட்டுவேன். இலை வடிவம், திருகு வைத்தது. முதுகில் ஸ்டெர்லிங் என்று பொறித்திருக்கிறது. அலங்கார நகைக்கு அசல் வெள்ளி எதற்கு என்று நீ கேட்கலாம். 1942இல் வெள்ளீயம் முதலான உலோகங்களைப் போர்த் தேவைக்கென அரசு ஒதுக்கிக்கொண்டதால், நகைத் தொழிற்சாலைகள் வேறு வழியின்றி வெள்ளியில் செய்து அதன்மேல் பொன்முலாம் பூசின. என் காதணியில் இலையின் மேற்புறம் இன்னும் செம்பொன் நிறமாகவே இருக்கிறது. திருகின் தலையில் மட்டும், யாரோ ஒரு பெண் தினமும் கட்டைவிரலால் திருகித் திருகி, முலாம் தேய்ந்து வெள்ளி வெளியே தெரிகிறது. அந்தத் தேய்மானத்துக்காகவே அதை வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். இப்போது சொல், அதன் திருகை அறுத்தெடுக்க எனக்குக் கை வருமா?

கோரோ என்றதும் பிராவிடன்ஸ் நினைவுக்கு வருகிறது. நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து காரில் சிறிது நேரம்தான். ரோட் ஐலண்டின் அந்த நகரம்தான் அந்தக் காலத்தில் உலகத்தின் அலங்கார நகைத் தலைநகரம். கோரோவின் பெரிய தொழிற்சாலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது; நகை செய்வதுதான் நின்றுவிட்டது. அந்தத் தொழிலில் பெண்கள் பலர் வேலையை வீட்டுக்கு எடுத்துச் சென்று, சமையல் மேசையில் உட்கார்ந்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு காதணிகளை அட்டையில் மாட்டியும் வளையங்களைக் கோத்தும் கொடுத்திருக்கிறார்கள். சிவகாசியில் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிய பெண்களை நினைத்துக்கொள். அந்தக் கைகளின் பெயர் எந்தக் காதணியிலும் இல்லை.

கற்களின் கதை இன்னொரு துயரம். நல்ல கண்ணாடிக் கற்களும் மணிகளும் செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மானியர்கள் காப்லோன்ஸ் என்று அழைத்த ஊரிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தன. போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மானிய மொழியினர் வெளியேற்றப்பட்டார்கள். வீடு வாசலை விட்டுவிட்டு, தொழிலை மட்டும் கையோடு கொண்டுபோன அவர்கள், பவேரியாவில் காஃப்பாய்ரன் நகரத்துக்குப் பக்கத்தில், தகர்க்கப்பட்ட ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை நின்ற இடத்தில் நோய்காப்லோன்ஸ் என்று புது ஊரே அமைத்துக்கொண்டார்கள். மறுபடியும் கண்ணாடி நகைத் தொழில் அங்கே தழைத்தது. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி ஒன்று, நீலமும் பாசிப்பச்சையுமான சிறு மணிகளைத் துளைத்தகட்டின் மேல் கொத்தாகக் கம்பியால் கட்டியது. கிளிப்பின் துடுப்பில் மேற்கு ஜெர்மனி என்று, லென்ஸ் வைத்தால் மட்டுமே படிக்கக்கூடிய அளவில் இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு நாடு 1949 முதல் 1990 வரைதான் இருந்தது. ஜப்பான், ஹாங்காங் என்று பொறித்த இதேபோன்ற மணிக்கொத்துகளும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல பிளாஸ்டிக். பல்லில் மெதுவாகத் தட்டிப் பார்த்தால் கண்ணாடியின் குளிர்ச்சியும் ஒலியும் தனியாகத் தெரிந்துவிடும்.

எண்ணெய்ப் படலம் போல் பல நிறம் காட்டும் கற்களைக் கவிதா பார்த்தால், அது ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் 1950களின் நடுவில் கொண்டுவந்த பூச்சு என்று தெரிந்துகொள்ளட்டும். அந்தக் கல் வைத்த எதுவும் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. கல் மாற்றப்பட்டிருந்தால் அது வேறு விஷயம்.

பெயர் பொறித்தது மட்டுமே உயர்ந்தது என்று அவள் எண்ணிவிடக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். மிரியம் ஹாஸ்கெல் 1926இல் நியூயார்க்கில் கடை திறந்தவர். அவருடைய நிறுவனத்தின் தொடக்கக் கால நகைகள் பலவற்றில் பெயரே கிடையாது. துளைகள் நிறைந்த சித்திரத் தகட்டில் ஒவ்வொரு முத்தையும் மெல்லிய கம்பியால் கையால் கட்டி, அந்தக் கட்டுகள் தெரியாமல் இன்னொரு தகட்டால் முதுகை மூடியிருக்கும் நேர்த்திதான் அவற்றின் கையெழுத்து. மறுபுறம், நல்ல பெயர்களைப் புதிதாகப் பொறித்து விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. ஆகவே பெயரைப் படிப்பதற்கு முன்னால் வேலைப்பாட்டைப் படிக்க வேண்டும். பல் மடக்கிப் பதித்த கல்லா, பசை வைத்து ஒட்டியதா? இரண்டு கிளிப்புகளும் ஒரே அச்சில் வந்தவையா? பெரும்பாலும் ஒன்று தொலைந்து, வேறொரு ஜோடியிலிருந்து கடன் வாங்கி இணைத்திருப்பார்கள். தொலைபேசியில் பேசும்போது கிளிப் உறுத்தும் என்று ஒரு காதில் இருப்பதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது அக்காலத்துப் பெண்களின் வழக்கம். ஒற்றைக் காதணிகள் இவ்வளவு கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இங்குள்ள மூத்த பெண்கள் சொல்கிறார்கள்.

களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கீலிலும் கல்லின் அடியிலும் பச்சை படிந்திருந்தால், முலாம் உரிந்து அடியில் இருக்கும் செம்பு அரிக்கப்படுகிறது என்று பொருள். லேசாக இருந்தால் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து உடனே ஈரம் போகத் துடைத்துவிடலாம். ஆழமாக இருந்தால் வாங்கவேண்டாம். கவிதாவின் படத்தில் இடப்பக்கக் கிளிப்பின் கீலில் ஒரு நிழல் தெரிகிறது. அது களிம்பா, அழுக்கா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

இனி, அணிவது எப்படி? துளையுள்ள காதிலும் கிளிப்பைத் தாராளமாக அணியலாம், துளையை அது மறைத்துக்கொள்ளும். முதலில் ஒரு மணி நேரம் போட்டுப் பழகட்டும். துடுப்பில் ஒட்டும் சிறிய ரப்பர் மெத்தைகள் கடையில் கிடைக்கின்றன. அப்படியும் வலித்தால், தண்டோடு கூடிய சிறு மாற்றுத் துண்டுகள் உண்டு. தண்டு துளைக்குள் போகும், கிளிப் அந்தத் துண்டைக் கவ்விக்கொள்ளும். நகையில் ஒரு கீறல்கூட விழாது. கவிதாவின் மகள் நாளைக்கு அதை எடுத்துப் பார்க்கும்போது மகுடமும் வட்டமும் கிளிப்பும் அப்படியே இருக்கும்.

பிரிம்ஃபீல்ட் பழம்பொருள் சந்தை இங்கே மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில் கூடும். 1959இல் தொடங்கியது, சாலையின் இருபுறமும் வயல்களில் கூடாரங்கள் போட்டிருப்பார்கள், காலை வெளிச்சம் வருவதற்கு முன்பே கைவிளக்கோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஹார்ட்ஃபர்டிலிருந்து அது அதிகத் தூரமில்லை. செப்டம்பர் சந்தைக்குக் கவிதாவை என்னோடு வரச் சொல். டிரைஃபாரியையும் எடுத்து வரட்டும், அந்தக் கீலை லென்ஸில் பார்த்துவிடலாம். முந்தின நாள் இரவு எங்கள் வீட்டிலேயே தங்கட்டும். அவளுக்குப் பிடிக்கும் என்று நீ எழுதியிருந்த வற்றல் குழம்பு வைத்துத் தருகிறேன். வருவாளா என்பதை அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
ராஜேஸ்வரி