காற்றாடி சுழல்வது படத்தில் தெரிய வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

விமானங்களைப் படமெடுப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த குறிப்பைப் படித்தேன். எந்த விமானமானாலும் ஷட்டர் வேகத்தை, அதாவது கமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/2000 வினாடியில் வைக்கச் சொல்லியிருந்தது. ஜெட்டுக்குச் சரி. காற்றாடி (புரொப்பெல்லர்) விமானத்துக்கு அது ஒத்துவராது.

டிக்கோயாவில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, அடையாள அட்டைப் படம், இதுதான் தொழில். 2021 மார்ச்சில் இலங்கை விமானப்படையின் 70ஆவது ஆண்டுக்குக் காலிமுகத்திடலில் நடந்த சாகசக் காட்சியைப் பார்க்க இரவு பஸ் ஏறிப் போனேன். இந்தியாவின் சூர்ய கிரண் ஜெட்டுகள் 1/2000இல் பளிச்சென்று விழுந்தன. அதே வேகத்தில் காற்றாடி விமானத்தையும் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், இலைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நூல் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருந்தது. அன்று காதில் கேட்ட அந்த இரைச்சல் படத்தில் இல்லவே இல்லை. மனசு விட்டுப்போயிற்று.

கணக்கு எளிது. காற்றாடி நிமிடத்துக்கு 2400 சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு 40. 1/2000 வினாடியில் அது ஒரு சுற்றில் ஐம்பதில் ஒரு பங்குதான் நகரும். 1/125இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மூன்று இலைக் காற்றாடியென்றால் வட்டமே நிறைந்துவிடும். (கைத்தொலைபேசியில் இலைகள் வளைந்து தெரிவது வேறு விஷயம். அது காட்சியை வரிவரியாகப் பதிவதால் வருவது.)

வேகத்தைக் குறைத்தால் கை நடுக்கமும் படத்தில் விழும். அதற்குப் பழக்கம்தான் மருந்து. நான் பழகியது ஓடும் நோர்வூட் பஸ்ஸைக் கமராவால் பின்தொடர்ந்து. விமானம் நம்மைக் கடக்கும் இடத்தை நோக்கிப் பாதங்களை வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, விமானத்தோடு சேர்ந்து இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. முதலில் 1/320, கை பழகப் பழக 1/250, அப்புறம் 1/125. காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குக் கடல் விமானம் வந்த ஒரு காலையில் அறுபது படம் எடுத்தேன், ஐந்துதான் தேறியது. அதில் ஒன்றில் தேயிலை மலை பச்சைக் கோடாக ஓட, மூக்கின் முன்னால் காற்றாடி வெள்ளித் தட்டுப் போல நிற்கிறது. அதைச் சட்டம் போட்டு ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறேன்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கமராவோடு வருகிறார்கள். தயவுசெய்து அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள். இனி விமானப் படம் போடும்போது எடுத்த ஷட்டர் வேகத்தையும் கீழே அச்சிட்டால் அவர்களுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
ஸ்டூடியோ புகைப்படக்காரர் ஒருவர்,
டிக்கோயா.