மாதிரிப் படகுக்கு நீராவி டர்பைன்: கொதிகலனைச் சோதிக்க ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி, கல்லூரி அறிவியல் கண்காட்சிகளில் நீராவி டர்பைன் என்று வைக்கப்படுவது பெரும்பாலும் மூடியை இறுக்கிய ஒரு தகர டப்பாவும், அதன் துளையிலிருந்து வரும் ஆவி பட்டுச் சுழலும் ஒரு தகரச் சக்கரமும்தான். அந்த ஒரு துளை அடைபட்டால் ஆவிக்கு வேறு வழியே இல்லாத டப்பாவை அடுப்பில் ஏற்றி, அதைச் சுற்றிப் பிள்ளைகளை நிறுத்துவது பெரும் ஆபத்து. அதற்காக இந்த வேலையையே கைவிடச் சொல்லவில்லை. ஒரு சிறு படகைத் தண்ணீரில் ஓட்டிச் செல்லும் மெய்யான டர்பைனை நம் மதுரைப் பட்டறைகளிலேயே செய்ய முடியும். எங்கே கவனம் வேண்டும் என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

சக்கரத்தின் இதழ்களில்தான் சூட்சுமம் இருப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். சிக்கல் வேகத்தில் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தத்திலுள்ள ஆவி, சரியாக அமைந்த நாசில் (ஆவியைச் சக்கரத்தின் மேல் பீய்ச்சும் குறுகிய குழல்வாய்) வழியே வெளிக்காற்றில் விரியும்போது, கணக்குப்படி விநாடிக்கு ஏறத்தாழ 680 மீட்டர் வேகம் பெறுகிறது. அந்த ஆற்றலை நன்றாகக் கறக்க வேண்டுமானால் சக்கரத்தின் விளிம்பு அதில் ஏறக்குறைய பாதி வேகத்தில் ஓட வேண்டும், 50 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு அது நிமிடத்துக்கு 1,20,000 சுற்றுக்கும் மேல். அது நம் கைக்கு எட்டாது. 25,000 சுற்றோடு நிற்பதே நல்லது. அந்த வேகத்திலேயே விளிம்பிலுள்ள ஒவ்வொரு கிராம் உலோகமும் ஏறத்தாழ 17 கிலோ விசையோடு பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். எனவே, ஈயம் வைத்து ஒட்டிய தகர இதழ்கள் இதற்கு ஆகவே ஆகா. ஒரே பித்தளை வட்டில் இதழ்களை வெட்டியெடுத்து, சக்கரத்தைச் சமன்பார்த்து, கனமான உறைக்குள் வைக்க வேண்டும்.

டர்பைன் வேகமாகவும், தண்ணீருக்குள் படகைத் தள்ளும் உந்துவிசிறி நிதானமாகவும் சுழல வேண்டும் என்ற முரண், டர்பைனைக் கப்பலுக்குக் கொண்டுவந்த சார்லஸ் பார்சன்ஸையே அலைக்கழித்தது. 1894-இல் அவர் கட்டிய டர்பினியா என்ற கப்பல், ஒற்றை விசிறியோடு எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. விசிறி தண்ணீரைப் பிடித்துத் தள்ளாமல் அதில் வெற்றிடக் குமிழிகளையே உண்டாக்கியது. மூன்று அச்சுகளில் ஒன்பது விசிறிகள் பொருத்திய பிறகே, 1897-இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் அது எல்லோரும் வியக்க ஓடியது. நம் படகுக்கு அவ்வளவு தேவையில்லை. எட்டுக்கு ஒன்று அல்லது பத்துக்கு ஒன்று என்று பல்சக்கரத்தால் வேகத்தைக் குறைத்தால் போதும்.

நாசிலுக்கு 1 மி.மீ. துளை போதும். ஆனால் நேர்த் துளையோடு நிறுத்தினால் ஆவி பக்கவாட்டில் சிதறிவிடும். கூராகத் தீட்டிய எஃகு ஊசியை விரலால் மெல்லத் திருகி, வெளிவாயை 1.2 மி.மீ. அளவுக்குச் சிறுகச் சிறுக அகட்ட வேண்டும். அந்தத் துளை வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 27 கிராம் ஆவி போகும் என்பதால், பத்து நிமிட ஓட்டத்துக்குக் கால் லிட்டருக்கும் சற்றுக் கூடுதலாகவே தண்ணீர் வேண்டும்.

கொதிகலனைச் செம்பில் செய்ய வேண்டும். முன்பு சொன்ன 3 கிலோ அழுத்தத்தில் ஆவியின் வெப்பம் 143 டிகிரி செல்சியஸ். சாதாரண ஈயப் பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், தண்ணீர் வற்றினால் அந்த இடைவெளி நொடியில் கரைந்துவிடும். இதற்கு வெள்ளிப் பொடி (வெள்ளி கலந்த பற்று உலோகம்) வைத்து ஊதுவதே சரி. தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகை வேலை செய்யும் ஆசாரிகளிடம் கேட்டால், வெங்காரம் தடவி, செம்பு செக்கச்சிவந்த பிறகே பொடி இளகி இணைப்பைச் சுற்றி மின்னும் கோடாக ஓடுவதைக் கண்ணெதிரே காட்டுவார்கள். எந்தப் பாடநூலும் அதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

செய்து முடித்த கொதிகலனை அடுப்பில் ஏற்றும் முன், குளிர்ந்த நீரை நிரப்பி, கைப்பம்பால் 6 கிலோ அழுத்தம்வரை ஏற்றிச் சோதிக்க வேண்டும். நீர் அமுங்காது என்பதால் பற்று விட்டாலும் கசிவோடு போகும், ஆவியென்றால் வெடிக்கும். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து ஆவியை வெளியேற்றும் சேஃப்டி வால்வு இல்லாத கொதிகலனைக் கண்காட்சிக்குள்ளேயே விடக் கூடாது. 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு உள்ளவை கொதிகலன் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே, மாணவர்களின் கொதிகலனை வந்து பார்ப்பதற்கு அதிகாரி எவரும் இல்லை.

அந்தப் பொறுப்பை மதுரையிலுள்ள பாலிடெக்னிக் மற்றும் ஐ.டி.ஐ. பட்டறைகள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பம்பும் அழுத்தமானியும் அங்கே கிடைக்காத பொருள்கள் அல்ல. மாதம் ஒரு சனிக்கிழமை மாணவர்களின் கொதிகலன்களைச் சோதித்து, அழுத்த அளவையும் தேதியையும் அவற்றின் மேல் பொறித்துக் கொடுத்தால் போதும். அவ்வாறு தேறிய படகுகளை, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நீர் நிறைந்திருக்கும் காலத்தில் ஒரு காலைப்பொழுது ஓட்டிப் பார்க்க, கோயில் நிர்வாகம் அனுமதி அளிக்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பணிநிறைவு பெற்ற லேத் பயிற்றுநர்,
மதுரை.